டாப்பெட் சத்தம் வந்தாலே ராக்கர் ஆர்ம் மாற்ற வேண்டுமா? (அம்பாசிடர் 1489 பெட்ரோல்)

12 ஜனவரி 2019, காலை

வந்த கேள்வி இது: "அண்ணே, அப்பாவின் பழைய அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். ஐடிலில் டிக் டிக் என்று தட்டுகிறது. ராக்கர் செட் மொத்தமும் போய்விட்டது, எட்டு ராக்கர், ஷாஃப்ட், புஷ்ராடு எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ராக்கர்களை மூடியிருக்கும் டாப் கவரைக்கூடக் கழற்றாமல் காதை வைத்தே மெக்கானிக் சொன்ன கணக்கு இது. முதலில் கவரைக் கழற்றுங்கள், அளந்து பாருங்கள். அதற்கு இரண்டு நட்டைக் கழற்றி, ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) இருந்தால் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். கேம் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கின் உள்ளே, பக்கவாட்டில் இருக்கிறது. வால்வுகள் மேலே ஹெட்டில் (சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதி) தலைகீழாகத் தொங்குகின்றன. கேமின் மேடு டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளும். ராக்கர் நடுவில் ஷாஃப்டில் கோத்திருப்பதால் மறுமுனை கீழே இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். கேம் மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். ஷாஃப்ட் ராக்கருக்குச் சரி பாதியில் இல்லை, புஷ்ராடு பக்கம் சற்று ஒதுங்கி இருக்கிறது. கிணற்றுத் துலாவில் தாங்குகால் ஒதுங்கி நிற்பதால் ஒரு பக்கம் அதிகம் எழும்புகிற மாதிரி, இங்கேயும் கேம் தூக்கும் அளவைவிட வால்வு இறங்கும் அளவு ஏறத்தாழ 1.4 மடங்கு.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். சூட்டில் தண்டு நீளும், அதற்கு இடம் வேண்டும். இந்த எஞ்சினுக்கு அது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், எஞ்சின் சூடாக இருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியைத் தாண்டிப்போய்த்தான் ராக்கர் வால்வைத் தட்டுகிறது. ஆகவே இந்த எஞ்சினில் கொஞ்சம் தட்டல் இருக்கத்தான் செய்யும். அது நோய் அல்ல.

12 ஜனவரி, மாலை

எந்த ராக்கர் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி. எஞ்சினைச் சூடாக்கி, டாப் கவர் இல்லாமல் மெதுவான ஐடிலில் ஓடவிடுங்கள். மெல்லிய ஃபீலர் தகடு ஒன்றை ஒவ்வொரு ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே செருகிப் பாருங்கள். எதில் செருகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். எட்டிலும் செருகிப் பார்த்தும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு ராக்கரில் இல்லை. கீழே டாப்பெட் முகம் தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் பின் தட்டலாம். அப்போது எட்டு ராக்கர் வாங்கியும் பயன் இல்லை.

கவர் இல்லாமல் ஓடும்போது எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகைக் குழாய் தொடங்கும் இடம்) சொட்டினால் புகையும். பதறி பக்கெட் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

13 ஜனவரி

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு எதற்கு? கேப்பைக் குறைத்து வைத்தால் சத்தம் போய்விடும். எங்கள் ஊர் மெக்கானிக் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்."

போய்விடும்தான். சத்தம் நின்றது என்று மகிழ்ந்து அந்த மெக்கானிக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் எக்ஸாஸ்ட் வால்வு வாங்க அவர்களே கடைக்குப் போவார்கள்.

எரிந்த வாயு முழுவதும் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டித்தான் வெளியே போகிறது. நல்ல வேகத்தில் அதன் தலை சிவக்கும் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டோடு (ஹெட்டில் வால்வு பொருந்தும் விளிம்பு) ஒட்டி உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்கித் தண்ணீருக்குப் போகிறது. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் நீண்ட தண்டு ராக்கரில் முட்டி நிற்கும், வால்வு முழுவதும் மூடாது. சூடு இறங்க வழியில்லை, அதோடு மூடாத சந்து வழியாக நெருப்பு வேறு பீறிடும். விளிம்பு கருகி ஒரு துண்டு உடைந்துகூடப் போகும். இத்தனையும் சத்தமே இல்லாமல் நடக்கும்.

பெரிய இடைவெளி காதுக்குத் தொல்லை, கொஞ்சம் பவர் குறையும், நாளாவட்டத்தில் நுனி அடிபடும். சின்ன இடைவெளி வால்வைக் காலி செய்யும். தட்டுகிற அம்பாசிடர் வந்தால் எனக்குக் கவலை இல்லை. போன வருடம் வரை தட்டிக்கொண்டிருந்து இப்போது தானாக அமைதியான வண்டி வந்தால்தான் உடனே கவரைக் கழற்றுவேன்.

13 ஜனவரி, இரவு

"தானாக எப்படி அமைதியாகும்?" நல்ல கேள்வி. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 1950-களின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வடிவமைப்பு, அன்றைய மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் இருந்ததேதான். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு சீட்டை வெட்டியிருப்பார்கள், தனியாகக் கடினமான சீட் வளையம் கிடையாது. எரிந்த ஈயத்தின் படிவு வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய மெத்தையாக நின்றது. 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. அதன் பிறகு இந்தப் பழைய ஹெட்களில் எக்ஸாஸ்ட் சீட் மெல்ல மெல்லக் குழிந்து, வால்வு ஹெட்டுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. வால்வு ஏற ஏறத் தண்டு ராக்கரை நோக்கி வரும், இடைவெளி குறையும்.

ஹைவேயில் அழுத்தி ஓட்டும் வண்டிகளில் இது வேகமாக நடக்கும், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற வண்டியில் மிக மெதுவாக. ஹெட்டை எப்போதாவது இறக்க நேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் நான்குக்கும் கடின சீட் வளையம் போட்டுவிடுங்கள். நல்ல லேத் பட்டறையில் செய்துவிடுவார்கள்.

14 ஜனவரி

எட்டு வால்வின் இடைவெளியையும் சரியாக வைக்க ஒன்பது கணக்கு. பழைய டாக்ஸி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும், இப்போது வருகிற பையன்களுக்குத் தெரிவதில்லை.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8-ஆம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது (ராக்கர் முழுக்க அமுங்கியிருக்கும்) 1-இன் இடைவெளியை வையுங்கள். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. 7 என்றால் 2. எப்போதும் கூட்டினால் 9.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. 1-ஆம் சிலிண்டரும் 4-ஆம் சிலிண்டரும் ஒன்றாக மேலே வந்து ஒன்றாகக் கீழே போகும், ஆனால் ஒன்று எரியும்போது மற்றது உறிஞ்சும். 2-ம் 3-ம் அதே மாதிரி. ஒன்றின் கேம் மேடு உச்சியில் இருந்தால் ஜோடியின் கேம் நேர் எதிரே அடிப்பக்கம் திரும்பியிருக்கும். வால்வு வரிசை எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், மறுபடி அதே போல. நடுவில் கண்ணாடி வைத்த மாதிரி இருப்பதால்தான் கூட்டல் ஒன்பது வருகிறது. வேறு வரிசை உள்ள எஞ்சினில் இது உதவாது.

பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது எளிது. ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருந்தால் அது, இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினாலும் சுற்றும். இடைவெளியை வைப்பது ராக்கரின் புஷ்ராடு பக்க முனையில் உள்ள டாப்பெட் ஸ்க்ரூவால். அதன் லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். முறுக்கிய பிறகு தகட்டை மறுபடி ஒரு முறை விட்டுப் பாருங்கள்.

17 ஜனவரி

கேட்டவர் திரும்ப எழுதினார்: "ஒன்பது கணக்குப்படி எட்டும் 0.015 வைத்தாயிற்று. ஆனாலும் இரண்டு தட்டுகின்றன. ஆக மெக்கானிக் சொன்னது சரிதானே?"

பாதி சரி. ராக்கர் நுனியைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வால்வுத் தண்டு தொட்டுத் தொட்டு அங்கே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். ஃபீலர் தகடு அந்தப் பள்ளத்துக்கு மேல் பாலம் போட்ட மாதிரி நிற்கும், உள்ளே இறங்காது. தகடு 0.015 என்கும். உண்மையில் தண்டின் நுனி பள்ளத்தின் ஆழத்தையும் தாண்ட வேண்டியிருக்கும்.

அவசரத்துக்கு ஒரு வழி: பழைய ஃபீலர் தகடு ஒன்றைப் பள்ளத்துக்குள் இறங்கும் அகலத்துக்கு ஒடுக்கமாக வெட்டிக்கொண்டு அதை வைத்து அளப்பது. டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. நுனியைச் சாணை பிடித்துச் சமமாக்கலாமா என்றால், மேலே கடினமாக்கிய பரப்பு மெல்லியது. மயிரிழை எடுத்தால் பரவாயில்லை. பள்ளம் ஆழம் என்றால் அந்த ராக்கரை மாற்றுவதே மரியாதை. அந்த ஒன்றை மட்டும், எட்டையும் அல்ல.

இன்னொன்றும் பாருங்கள். வால்வு மூடியிருக்கும் நிலையில் ராக்கரைக் கையால் பிடித்து ஷாஃப்டின் மீது மேலும் கீழுமாக ஆட்டுங்கள். வால்வுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஷாஃப்ட் துளையில் ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. ஆடினால் புஷ் (ராக்கரின் துளைக்குள் இருக்கும் உருளை வளையம்) போயிருக்கிறது, அல்லது ஷாஃப்ட், பெரும்பாலும் இரண்டும்.

20 ஜனவரி

சரி, ராக்கர் ஷாஃப்டை இறக்குவது என்று முடிவாகிவிட்டது. பொங்கல் லீவு முடிந்து பட்டறைகளும் திறந்துவிட்டன. வரிசையாகச் சொல்கிறேன். இதில் ஒரு விஷயம்தான் முக்கியம், மற்றதெல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் செய்வார்கள்.

அந்த முக்கிய விஷயம் தண்ணீர். ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் நான்கு தாங்கிகளுக்கு எட்டு நட்டு. அதில் நான்கு நட்டு தாங்கியை மட்டும் பிடிப்பவை அல்ல, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டட்களின் நட்டுகள் அவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி நிற்கும். ஹெட் வளையும், கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் சம்ப்புக்குள்ளும் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) இறங்கும். ஆகவே முதலில் ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடித்துவிடுங்கள். பிறகு ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும், ராக்கர் பக்கம் இருப்பவை மட்டுமல்ல, கையேட்டில் உள்ள வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

அப்புறம் தாங்கி நட்டுகள். ஒரு நட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். திறந்திருக்கும் வால்வுகளின் ஸ்பிரிங் ஷாஃப்டை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் மட்டும் விட்டால் ஷாஃப்ட் வளையும். எல்லாவற்றையும் சுற்று சுற்றாக விடுங்கள். ஷாஃப்ட், ராக்கர், தாங்கி எல்லாம் ஒரே கட்டாக மேலே வரும். தாங்கிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு இருந்தால் எதற்கு அடியில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புஷ்ராடுகளை உருவும்போது அவசரம் வேண்டாம். எண்ணெய்ப் பிடிப்பில் அடி நுனி டாப்பெட்டோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் டாப்பெட்டும் எழுந்து வரும். லேசாகச் சுழற்றி விடுவித்து எடுங்கள். அட்டைப் பெட்டி ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி வரிசையாகக் குத்தி வையுங்கள். எது எங்கே தேய்ந்து பழகியதோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைந்த புஷ்ராடு தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும்.

கட்டைப் பிரிக்க: ஒரு தாங்கியில் ஷாஃப்ட் சுழன்றுவிடாமல் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை எடுங்கள். இரண்டு முனையிலும் உள்ள காட்டர் பின்களை எடுத்தால் வாஷர், ராக்கர், தாங்கி, ஸ்பிரிங் எல்லாம் ஒவ்வொன்றாக உருவும். உருவுகிற வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்துவிட்டால் குழப்பமில்லை.

20 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

"நான் தண்ணீர் வடிக்காமலே பலமுறை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் சேலம் நண்பர். ஆகாமலும் போகலாம் சார். ஆனால் ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி வரும் நாளில் பேரிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். வடிக்க ஒரு பக்கெட் போதும்.

ஹெட் நட்டைத் தளர்த்திவிட்டு அதே கேஸ்கெட்டின் மேல் மறுபடி முறுக்கினால் பிடிக்குமா என்றும் கேட்டிருந்தார். பல நேரம் பிடிக்கும், சில நேரம் கசியும். புதிது ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள்.

27 ஜனவரி

ஷாஃப்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. மேலே இருந்து பார்த்தால் புதிது போலப் பளபளக்கும், அதை நம்பாதீர்கள். ராக்கரின் ஒரு முனையைப் புஷ்ராடு மேலே தள்ளுகிறது, மறுமுனையை வால்வு ஸ்பிரிங்கும் மேலே தள்ளுகிறது. ராக்கர் முழுவதும் மேல்நோக்கி முட்டுகிறது, அதைத் தடுப்பது ஷாஃப்டின் அடிப்பக்கம். தேய்மானம் முழுக்க அங்கேதான். கழற்றித் தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும், ராக்கர் உட்காரும் இடத்தில் படி படியாக இருக்கும். எண்ணெய்த் துளைகளும் அதனால்தான் அடிப்பக்கம் பார்த்திருக்கின்றன. ஷாஃப்டை மாற்றிப் போட்டு துளைகள் மேலே பார்த்தால் எண்ணெய் வேண்டிய இடத்துக்குப் போகாது.

ஷாஃப்ட் உள்ளே குழாய். ஒரு தாங்கி வழியாக எண்ணெய் ஏறி அதன் உள்ளே ஓடி ஒவ்வொரு ராக்கருக்கும் போகிறது. ஒழுங்காக ஆயில் மாற்றாத வண்டியில் உள்ளே கரி அடைத்திருக்கும். முனையில் உள்ள அடைப்பைத் திறந்து கம்பி விட்டு மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பல வண்டிகளில் ராக்கர் தேய்ந்ததன் மூல காரணம் இந்த அடைப்புதான். அதைச் சுத்தம் செய்யாமல் புது ராக்கர் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய) ராக்கரில் வெண்கலப் புஷ் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம். லேத்தில் பழைய புஷ்ஷை அமுக்கி எடுத்து, புதிது அடித்து, எண்ணெய்த் துளையை மறுபடி போட்டு, புது ஷாஃப்டின் அளவுக்கு ரீமர் விடுவார்கள். துளை போட்டார்களா என்று வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகட்டை அழுத்திச் செய்த ராக்கர் என்றால் புஷ் அடிக்கும் வேலை எடுபடாது, புதிதுதான். தேய்ந்த ஷாஃப்டில் புது புஷ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய கட்டு முழுதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. வாங்கினால் அங்கேயே ஒரு ராக்கரை நகர்த்தி ஷாஃப்டின் அடியைத் தடவிப் பாருங்கள்.

28 ஜனவரி

திரும்ப மாட்டுவது. எல்லாவற்றுக்கும் தாராளமாக எண்ணெய் விடுங்கள். டாப்பெட் ஸ்க்ரூ எட்டையும் நன்றாகப் பின்வாங்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவின் உருண்டை நுனியும் புஷ்ராடின் கிண்ணத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே முறுக்கத் தொடங்குங்கள். தாங்கியை மட்டும் பிடிக்கும் சின்ன நட்டு நான்குக்கும் 25 அடி-பவுண்டு. ஹெட் நட்டுகளுக்குக் கையேட்டில் உள்ள வரிசையும் டார்க்கும் (முறுக்கும் அளவு), இரண்டு மூன்று தவணையாக. பிறகுதான் டாப்பெட் இடைவெளி. ஹெட் இறுகும்போது இடைவெளி மாறும், முன்னாடியே வைத்தால் வீண் வேலை.

பிளக் போடாமல், கவர் மூடாமல், ஸ்டார்ட்டரைச் சற்றுச் சுற்றவிட்டு எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். கசியாத ராக்கர் ஒன்று இருந்தாலும் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

29 ஜனவரி

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹெட்டை லேத்தில் ஃபேஸ் செய்த (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கிய) வண்டி என்றால் ஹெட் கீழே இறங்கியிருக்கும், புஷ்ராடு அதே நீளம். ஸ்க்ரூ நிறையப் பின்வாங்க வேண்டிவரும், ராக்கரின் சாய்வும் மாறும். வால்வு பாதி திறந்திருக்கும்போது நுனி தண்டின் நடுவில் உட்கார வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் வால்வைப் பக்கவாட்டில் தள்ளும், கைடு (தண்டு ஓடும் குழாய்) தேயும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வரும். தாங்கிக்கு அடியில் ஷிம் வைத்து இதைச் சரிசெய்யலாம்.

3 பிப்ரவரி

புல்லட்காரர்கள் வந்துவிட்டார்கள். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டும் புஷ்ராடு வகைதான். ஆனால் டாப்பெட் ஸ்க்ரூ மேலே இல்லை, புஷ்ராடின் அடியில், வலப்பக்கம் சின்ன மூடிக்குள் இருக்கிறது. இங்கே ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்க, புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. ராக்கரைப் பிடிக்கும் கட்டைகள் இரண்டு பாதியாக, ஜோடியாகத் துளை போட்டவை. ஒரு பக்கத்துப் பாதியை மறுபக்கத்துக்கு மாற்றினால் ராக்கர் இறுகும்.

2009 வாக்கில் வந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) புல்லட் எஞ்சின்களில் ஹைட்ராலிக் டாப்பெட். எண்ணெய் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும், ஸ்க்ரூவைத் தேடாதீர்கள்.

ஸ்பிளெண்டர் வகை 100 சிசி எஞ்சினில் கேம் மேலேயே இருக்கிறது, புஷ்ராடு இல்லை, கேம் நேராக ராக்கரைத் தள்ளும். ராக்கர் ஷாஃப்டின் முனையில் மரை வெட்டியிருக்கும். 8 எம்எம் போல்ட் ஒன்றை முறுக்கி இழுத்தால் வந்துவிடும், சுத்தியல் வேண்டாம். கேம் செயினைக் கழற்றும் முன் ஒரு கம்பியால் கட்டி வையுங்கள், விட்டால் உள்ளே விழும். ஆயில் கொஞ்சமே பிடிக்கும் எஞ்சின் அது. ஆயில் குறைந்தால் ராக்கரின் கேம் படும் முகம்தான் முதலில் பொரிந்துபோகும்.

17 பிப்ரவரி

கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். ஷாஃப்ட் இரண்டு இடத்தில் படி விழுந்திருந்ததாம், முனை அடைப்பைத் திறந்ததும் கரி கட்டியாக வந்ததாம். ஷாஃப்ட் புதிது, நுனி பள்ளமான இரண்டு ராக்கர் புதிது, மற்ற ஆறுக்கும் புஷ். புஷ்ராடு எதுவும் மாற்றவில்லை. இன்னும் லேசாகத் தட்டுகிறது, இது சரிதானா என்று கேட்டிருக்கிறார். சரிதான். அப்படியே விடுங்கள்.

18 பிப்ரவரி

இன்னும் இரண்டு வேலை பாக்கி. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் செய்து, டாப்பெட்டை மறுபடி பார்த்துவிடுங்கள். அடுத்தது, டாப் கவரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று இரண்டு நட்டையும் பலம் கொண்டு முறுக்குகிறார்கள். தகட்டுக் கவர் நெளிந்து இன்னும் அதிகமாக ஒழுகும். கார்க் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு, நட்டுக்கு அடியில் உள்ள ரப்பரையும் மாற்றி, ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.